அம்மாவின் அரிசி டின்னும் ஜெப நோட்டும்

அம்மாவின் அடக்க ஆராதனையில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பு ஒரே ஒரு பக்கம். இடையன்குடியில் பிறந்தார், ஞானஸ்நானம் பெற்றார், திடப்படுத்தல் பெற்றார், இன்னாரைத் திருமணம் செய்தார், பிள்ளைகள் இத்தனை பேர், பேரப்பிள்ளைகள் இத்தனை பேர், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஊழியம் செய்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒன்றும் தப்பில்லை, அந்த அவசரத்தில் அவ்வளவுதான் எழுத முடியும். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளில், எந்த வயதான அம்மாவுக்கும் அதே தாளை வாசித்துவிடலாம். அம்மா எதற்காக ஜெபித்தாள், யாரோடு சண்டை போட்டாள், பேரப்பிள்ளைகள் அவளுக்குப் பயந்துகொண்டே ஏன் எல்லா ரகசியத்தையும் அவளிடமே சொன்னார்கள், இதெல்லாம் அந்தப் பக்கத்தில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவோ ஆச்சியோ வீட்டில் இருக்கிறவர்கள் இதில் சில காரியங்களை இந்த வாரமே செய்யலாம்.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். பனையும் வாழையும் சிவப்புத் தேரி மணலுமான இடம். மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் கட்டிய பரிசுத்த பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் தோட்டங்களுக்கு மேல் தெரியும், சிறு வயதில் எங்களுக்கு வழி தப்பினால் அதுதான் அடையாளம். அம்மா இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். பிறந்தது கால்டுவெல் ஐயர் அடக்கம் பண்ணப்பட்டிருக்கும் இடையன்குடி. அவருடைய மனைவி எலைசா அம்மாள் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அது பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்கு வந்துகொண்டே இருந்தது. அம்மாவும் பின்னுவாள். திருமேசை விரிப்புக்கு ஓரம் பின்னிக் கொடுப்பாள், யார் செய்தது என்று அறிக்கை வாசிக்கக் கூடாது என்று சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள்.

அம்மாவின் விசுவாசம் என்று நான் நினைத்துப் பார்த்தால் முதலில் வருவது ஜெபம் இல்லை, அரிசி. உலை வைக்க அரிசி அளந்து எடுத்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அடுப்பு மேடை ஓரத்தில் இருந்த பிஸ்கட் டின்னில் போடுவாள். காலையும் மாலையும். டின் நிறைந்ததும் ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகப் போகும். பிடியரிசி எங்கள் அம்மா கண்டுபிடித்த பழக்கம் இல்லை, எங்கள் பக்கத்துச் சபைகளில் ரொம்ப நாளாக உள்ளது. பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினவர்களில் ஒருவர், 1912-இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். அங்கே தெலுங்குச் சபைகளிலும் பெண்கள் இப்படித்தான் ஒரு பிடி ஒதுக்கிக் கொண்டுவந்தார்கள். காமராஜர் படித்த விருதுநகர் பள்ளிக்கூடமும் வீடு வீடாக வாங்கிய பிடியரிசியில் நடந்ததுதான். கையில் காசு இல்லாத பெண்களும் கொடுக்கிறவர்களாக இருக்க வழி செய்தது இந்த ஒரு பிடி.

இதில் அம்மா வைத்திருந்த ஒரு சட்டம் எனக்குப் பெரிய பாடம். அரிசியை அளந்து எடுத்த பிறகுதான் பிடி எடுக்க வேண்டும், மூட்டையிலிருந்து நேரே எடுக்கக் கூடாது. "மூட்டையில எடுத்தா நமக்கு ஒண்ணும் குறையாது. நம்ம சாப்பாட்டுல எடுத்தாத்தான் அது காணிக்கை" என்பாள். கொஞ்சம் வறட்சியான வருடங்களில், பதநீரும் குறைந்து அப்பாவுக்குக் கூலி வேலையும் சரியாக இல்லாத நாட்களில், அந்த டின் நிறைய நாள் பிடித்தது. ஆனால் நிறைந்தது.

இப்போது நாங்கள் யாரும் ஊரில் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் அரிசியைக் கொண்டுபோய் ஆலயத்தில் கொடுத்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியாது. தம்பி வீட்டில் அதே டின்னை வைத்துக்கொண்டு, மாதம் முடிந்ததும் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குக் கொடுக்கிறார்கள். தம்பி மகன்தான் தினமும் பிடி போடுவது, அவனுக்கு ஏழு வயது, கை சின்னது, அதனால் இரண்டு பிடி போட வேண்டும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். அம்மாவைப் பற்றி அவனுக்கு ஞாபகம் கொஞ்சம்தான். ஆனால் ஆச்சி என்ன செய்வாள் என்று கேட்டால் அவள் படத்தை மாட்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளைவிடச் சரியாகச் சொல்வான். பிள்ளைகளுக்கு ஒருவரை ஞாபகப்படுத்த வேண்டும் என்றால் அவர் கையால் செய்த ஒரு வேலையை அவர்கள் கையில் கொடுத்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

அடுத்தது ஜெப நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டுதான். இடப்பக்கம் பெயர், நடுவில் காரியம், வலப்பக்கம் தேதி. "மூத்தவன் பரீட்சை", "கோவில்பிள்ளை மகள் பிரசவம்", "எதிர்வீட்டு அண்ணாச்சி கால் புண்", "மீன்கார மைனிக்கு வட்டிக் கடன்". காரியம் முடிந்ததும் அடித்துவிட மாட்டாள், ஒரு சிலுவைக் குறி போட்டுப் பக்கத்தில் ஸ்தோத்திரம் என்று எழுதுவாள். நல்லபடியாக முடியாமல் போனவற்றுக்கும் அதே குறிதான், அதற்கும் ஸ்தோத்திரம்தான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதத்துப் பக்கத்தையும் அப்படியே பார்த்தேன். அந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை.

நோட்டில் பெயர் எழுதினால் அம்மா அத்தோடு விட மாட்டாள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். காலையில் ஜெபித்தால் சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய் நிற்பாள். என்ன ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார், மருந்து வாங்கினியா. மீன்கார மைனியின் கடனுக்கு ஜெபித்ததோடு நிற்காமல், மகளிர் குழுவில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிக் கொடுக்க அலைந்தாள். ஜெபம் பண்ணினால் கால் நடக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறவர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, அதை மறைக்கவும் மாட்டாள்.

அவளைப் பரிசுத்தவாட்டியாக எழுதுவது எனக்கு இஷ்டமில்லை. கோபக்காரி. ஓய்வுநாள் விஷயத்தில் யாரையும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, டிவி கிடையாது, குழம்பு சனிக்கிழமை ராத்திரியே வைத்துவிட வேண்டும். கிரிக்கெட் இறுதி ஆட்டம் ஞாயிறு வந்தால் வீட்டில் போர்தான். எனக்கும் அந்த வயதில் அது பிடிக்கவே பிடிக்காது. என் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஆலயத்துக்கு வர மாட்டேன் என்று ஆச்சியிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் பனங்கிழங்கு அவித்து உரித்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீ வரலைன்னா நான் உனக்கும் சேத்துப் போயிட்டு வாரேன், ஆனா வந்ததும் பிரசங்கத்துல என்ன சொன்னாங்கன்னு நான் சொல்லுவேன், நீ கேக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் வரும், மகள் கேட்பாள், எதிர்த்துப் பேசுவாள், சில சமயம் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். அம்மாவின் பேரப்பிள்ளைகளில் அவளோடு அதிகம் பேசியது அவள்தான். விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில், பேச்சு அறுந்து போகாமல் பார்த்துக்கொண்டதுதான் அம்மா செய்தது.

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரட்டாசியில் முத்தாரம்மன் கோவிலுக்கு வேஷம் கட்டினவர்கள் எங்கள் ரோட்டு வழியாகக் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள், காளி வேஷம், குறவன் வேஷம், மேளம், செருப்பில்லாத கால். அம்மா வாசலில் பானையில் தண்ணீரும் நீர்மோரும் வைத்து, தானே நின்று ஊற்றுவாள். சங்கத்தில் ஒருவர் இதைக் கேள்வி கேட்டார். "தாகத்துக்கு வேஷம் தெரியுமா" என்று கேட்டுவிட்டு அடுத்த வருடம் இன்னொரு பானையும் சேர்த்து வைத்தாள்.

சரி, சேர்த்து வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வேதாகமம் பழைய மொழிபெயர்ப்பு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. எந்த வசனத்தை எந்த நாளில் பிடித்துக்கொண்டாள் என்று தேதி போட்டிருக்கிறாள், நான் பிறந்த நாள்கூட ஒரு சங்கீதத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் கிழிந்த பக்கத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். கடலோர ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, காற்று போகிற அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில் வைத்தால் போதும். பூச்சிக்குப் பக்கத்தில் வசம்பு வைக்கலாம். படம் எடுக்கும்போது ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். நாங்கள் குறிப்பு உள்ள பக்கங்களை மட்டும் எடுக்கலாம் என்று நினைத்தோம், பிறகு எல்லாப் பக்கமும் எடுத்தோம், அதுவே நல்லதாயிற்று. மங்கலான பென்சில் கோடுகள் படத்தைப் பெரிதாக்கினபோதுதான் தெரிந்தன.

குரலைப் பதிவு செய்வது இதைவிட முக்கியம், உயிரோடு இருக்கும்போதுதான் முடியும். "அம்மா உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க" என்று போனை நீட்டினால் எந்த அம்மாவும் பேச மாட்டார்கள். எங்கள் அம்மாவும் "என்னத்தச் சொல்ல" என்று எழுந்து போனாள். கை வேலையில் இருக்கும்போது சின்னதாகக் கேட்க வேண்டும். அசனத்துக்கு, அந்தச் சபை விருந்துக்கு, குழம்பு வைக்கும்போது எத்தனை அடுப்பு போடுவீங்க? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நம் வீட்டு முருங்கைக்காயை யார் எடுத்தது? உங்க அம்மா லேஸ் பின்ன எப்போது உட்காருவாங்க? இப்படிக் கேட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போகும். முருங்கைக்காயில் தொடங்கின ஒரு பேச்சு, கல்யாணமான புதிதில் தாத்தாவுக்குத் தெரியாமல் பிறந்த வீட்டுக்கு நடந்தே போன கதையில் போய் முடிந்தது, அது எங்களில் யாருக்கும் தெரியாது. பதிவின் தொடக்கத்தில் தேதியையும் யார் பேசுவது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வாட்ஸாப்பில் வந்த குரல் செய்திகளைப் போனிலேயே விட்டுவைக்காமல் கணினியிலும் இன்னொருவர் வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள், போன் மாற்றும்போது போனது திரும்ப வராது.

கடைசிக் காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. எங்கள் பெயர்கள்கூட வாயில் வரவில்லை, வராத கோபத்தில் அழுவாள். ஒரு சாயங்காலம் தம்பி மனைவி வீட்டு ஜெபத்தில் வழக்கமான கீர்த்தனையை எடுத்ததும், அம்மா இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டாள், வார்த்தை வார்த்தையாக, தெளிவாக. நாங்கள் எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டோம், அவள் மட்டும் பாடினாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் சொன்னபோது, அது பலருக்கும் நடப்பதுதான் என்றார். மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான பாட்டு, ஜெபம், எண்கள், கிழமைகளின் பெயர் வருவது உண்டாம், அதைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சி தொடங்குவார்களாம். எனக்கு அதில் கர்த்தருடைய கிருபையும் தெரிந்தது, அவள் எழுபது வருடமாகத் தினமும் பாடினதின் பலனும் தெரிந்தது, இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அதிலிருந்து அந்த வீட்டின் ஒழுங்கே மாறியது. காலையில் பாட்டு, பிறகு 121-ஆம் சங்கீதம், நாங்கள் ஒரு வரி தொடங்கினால் அவள் முடிப்பாள். வரியின் கடைசி வார்த்தையை விட்டுவிட்டுக் காத்திருந்தால் அதையும் அவளே சொல்வாள். அப்படியே மெதுவாகத் தண்ணீர், காப்பி, வலி என்கிற வார்த்தைகள் வந்தன. இதே நிலையில் ஆள் இருக்கிற வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன், சாப்பாடு வாயில் இருக்கும்போது பாட வைக்காதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், புரை ஏறினால் நுரையீரல் வரை போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியான கஞ்சியைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துப் படுக்க வைக்க வேண்டும்.

கண்தானம் செய்ய வேண்டும் என்று அம்மா நல்ல உடம்போடு இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தாள். சங்கக் கூட்டத்தில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து சொன்னது. அப்போதே பெரியம்மா, "உயிர்த்தெழும்போது கண்ணு இல்லாம எந்திரிப்பியாட்டி?" என்று கேட்டார். "மண்ணு திங்கப்போறத ஒரு பிள்ளைக்குக் கொடுத்தா அவரு கோவப்படவா போறாரு? உண்டாக்குனவருக்கு இன்னொண்ணு உண்டாக்கத் தெரியாதா?" என்று அம்மா சொன்னதைப் பெரியம்மாவே அம்மா இறந்த அந்த இரவில் எல்லாரிடமும் சொல்லி, எதிர்த்த உறவுக்காரர்களை அடக்கினார். முன்கூட்டியே எல்லார் காதிலும் போட்டு வைத்ததால்தான் அது நடந்தது. இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையணை போட்டுத் தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கண்வங்கியிலிருந்து வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்புரை அறுவை செய்தவர்களும், சர்க்கரை உள்ளவர்களும், கண்ணாடி போடுகிறவர்களும் கொடுக்கலாம். முன்பே பதிவு செய்யாவிட்டாலும் குடும்பத்தார் கையெழுத்திட்டால் போதும்.

அதே போல இறப்பைப் பதிவு செய்வதை 21 நாளுக்குள் முடித்துவிடுங்கள், தாமதமானால் கட்டணமும் அலைச்சலும் கூடும். சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று இருக்கும், வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அது வந்து நிற்கும்.

துக்க வீட்டுக்குப் போவதில் அம்மாவுக்கு ஒரு முறை இருந்தது, அதை என் மகள் எழுதியே வைத்திருக்கிறாள். எப்படிப் போச்சு என்று கேட்கக் கூடாது, அவர்கள் அதை ஏற்கெனவே நூறு பேருக்குச் சொல்லியிருப்பார்கள். நீளமாக ஜெபிக்கக் கூடாது. கருப்பட்டிக் காப்பி கொண்டுபோக வேண்டும், குடிக்க மாட்டேன் என்றாலும் ஊற்றிக் கையில் கொடுக்க வேண்டும், அங்கே கிடக்கிற பாத்திரத்தைக் கழுவிவிட்டு வர வேண்டும். காப்பி கொண்டுபோன தூக்குவாளியை வேண்டுமென்றே விட்டுவிட்டு வர வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, உறவெல்லாம் கிளம்பிப் போன பிறகு, அதை எடுக்கிற சாக்கில் மறுபடி போக வேண்டும். "அன்னைக்குத்தான் அவங்க அழுவாங்க. அன்னைக்கு ஆள் இருக்காது" என்பாள்.

ஜெப நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறி போடாத பெயர்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றை நாங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பங்கு போட்டுக்கொண்டோம். ஜெபிக்கிறவர்கள் ஜெபிக்கலாம், இல்லாதவர்கள் போன் போட்டு விசாரிக்கலாம், ஆனால் எழுதின காரியம் என்ன ஆயிற்று என்று எல்லாரும் சொல்ல வேண்டும் என்று பேச்சு. ஆலயத்துக்கு வர மாட்டேன் என்ற என் மகள் எடுத்துக்கொண்டது ஊரில் நர்சிங் படிக்கும் ஒரு பெண்ணின் பெயர். முதல் தடவை தயங்கித் தயங்கித்தான் பேசினாள், இப்போது அவளுடைய மருந்தியல் பாடம் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இறுதியாண்டுப் பரீட்சை வருகிறது, ஹால் டிக்கெட் வந்துவிட்டதா என்று நேற்றும் போன் போட்டுக் கேட்டாள்.